இனானுவின் நெற்றிச் சிலுவை

இனானு எத்தியோப்பியாவில் தெம்பியாக்காரி. கெப்ருவின் மகள். கெப்ரு, வொர்க்குவின் மகன். வொர்க்குவின் அப்பா அலெம்மு காலத்தில்தான், மாடெல்லாம் செத்த பஞ்சத்து வருஷம், யூதக் குடும்பம் மொத்தமும் மதத்தை விட்டுப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டது. வாங்கியும் ஒன்றும் மாறவில்லை. ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், "கண்ணு வைக்கிற சாதி வருது, பிள்ளைங்கள மூடுங்க" என்றுதான் அக்கம்பக்கம் கத்தியது. அதனால் இனானுவுக்கு ஏழு வயதானபோது அவள் அம்மா பச்சை குத்துகிறவளை அழைத்துவந்து, விளக்குக் கரியைக் குழைத்து, நெற்றி நடுவில் சிலுவை குத்தவைத்தாள்.

"அழாத. இது இருந்தா ஊத்துல இருந்து உன்னை யாரும் விரட்ட மாட்டாங்க."

அதற்கப்புறம் யாரும் விரட்டவில்லை என்பது உண்மைதான்.

நாற்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. கோண்டார் நகரத்தில் அனுமதிக்குப் பதினொரு வருஷம் காத்துக் கிடந்து, இனானுவும் புருஷன் அடானேயும் கடைசி மகள் தெகிட்டுவும் இஸ்ரேல் வந்து சேர்ந்தார்கள். வடக்கே மலைமேல், புதிதாக வந்தவர்களுக்கான நாலு மாடி விடுதியில் அறை கொடுத்தார்கள். ஒரு வருஷம் யூத மதப் பாடம். முடிவில் யூத குருமார்களான மூன்று ரப்பிகள் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். மூவரும் தேறினார்கள். இனி முழுக்குத் தொட்டியில் மூழ்கி எழுந்தால் யூதர்கள். அலெம்மு விட்டது திரும்பக் கைக்கு வந்துவிடும். மூவருக்கும் ஒரே செவ்வாய்க்கிழமை குறித்தார்கள். மூவரும் ஒன்றாய் மூழ்கிவிட வேண்டும். இனானுவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு நூல்கூட இருக்கக்கூடாது என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். மோதிரம், நகப்பூச்சு, நகத்து அழுக்கு எதுவும் ஆகாது.

ஒன்பது நாள் முன்பு, பக்கத்து அறை ஷாஷிட்டு காப்பி குடிக்க வந்தாள்.

"ஏன்டி, நூலே கூடாதுங்கறாங்க. நீ நெத்தியில சிலுவையையே வச்சிருக்க. தண்ணி என்ன, அதைச் சுத்திக்கிட்டுப் போகுமா?"

"அது அழியாதுக்கா. ஊசி உள்ள வரைக்கும் போயிருக்கு."

"ரப்பியைக் கேளேன்."

"என்னன்னு கேக்க? கோயிலையே தலையில தூக்கிட்டு வந்துட்டேன், எங்க இறக்கட்டும்னா?"

ஷாஷிட்டு காப்பி சிந்தச் சிரித்தாள். இனானுவும் சிரித்துவைத்தாள்.

ரப்பியைக் கேட்கவில்லை. பாடத்துக்குப் போனால் தலைத்துணியைப் புருவம் வரை இழுத்துவிட்டே உட்காருவாள். மறுநாள் மகள் பள்ளிக்குப் போனதும், துணி வெளுக்கும் பிளீச்சிங் நீரில் கந்தலை நனைத்து நெற்றியில் வைத்துக் கட்டினாள். பிறகு பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தாள். மூன்று நாள் அப்படி. நாலாம் நாள் கறுப்பாய்ப் பொருக்குக் கட்டியது. கண்ணாடியில் சிலுவை தெரியவில்லை. தொலைந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அடானே ஆண்கள் பக்கம் போனான். தெகிட்டு மூழ்கி, ஈரத் தலையோடு வந்து நின்றாள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மொரோக்கோக்காரி பிரேஹா, இனானுவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், தலைமுடியைப் பிரித்துப் பார்த்தாள். நெற்றியில் கை நின்றது. அவள் பேசிய எபிரேயத்தை மகள்தான் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

"இது என்னன்னு கேக்குறாங்கம்மா."

"சிலுவை இருந்துச்சு. எடுத்துட்டேன்னு சொல்லு."

பிரேஹா வெந்நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துப் பார்த்தாள். பொருக்கின் ஓரம் தூக்கி இரத்தம் வந்தது. வெளியே போய் ரப்பியிடம் கேட்டு வந்தாள்.

"சிலுவை இருந்தா பரவாயில்லையாம், அம்மா. பச்சை தோலோட தோல்தானாம், தண்ணியைத் தடுக்காதாம். இந்தப் பொருக்குதான் தடுக்குமாம். பிய்ச்சா இரத்தம் காய்ஞ்சு மறுபடி கட்டிக்குமாம். ஆறி உதிர்ந்தப்புறம் வரச் சொல்றாங்க."

"அப்பா?"

"அப்பா முழுகிட்டாரும்மா."

இனானு துண்டைச் சுற்றிக்கொண்டாள். பிறகு உடுத்திக்கொண்டாள். அடுத்த தேதி ஏழு வாரம் தள்ளிக் கிடைத்தது.

அடானே இப்போது யூதன், இவள் இல்லை. அதனால் சட்டப்படி ஒரே அறையில் படுக்கக்கூடாது என்று அவன் தன் பெரியம்மா மகன் அறையில் போய்ப் படுத்துக்கொண்டான். சாப்பாட்டுக்கு மட்டும் வருவான். வெள்ளிக்கிழமை பொழுது சாய, ஓய்வுநாள் சாப்பாட்டுக்கு மேஜையில் ரொட்டி வைத்துவிட்டு, திறந்திருந்த திராட்சரசப் பாட்டிலை எடுக்க இனானு கை நீட்டினாள்.

"அம்மா, அதைத் தொடாத."

"ஏன்டி?"

"நீ இன்னும் முழுகலையே. நீ ஊத்துனா அப்பா குடிக்கக்கூடாது."

அடானே ரொட்டியைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளை படிச்சதைச் சொல்லுது, இனானு" என்றான்.

"சொல்லட்டும். அதுக்குத்தானே படிக்க வச்சோம்."

கையை மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் கை தானாகவே நீளவில்லை.

பொருக்கு உதிர்ந்தது. அடியில் வெளிறிய புதுத்தோல். அதன் நடுவே சிலுவை இருந்தது, முன்னைவிடப் பளிச்சென்று. பிரேஹா விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். இனானு மூன்று முறை மூழ்கினாள். ஒவ்வொரு முறையும் மேலே நின்று, ஆச்சு, ஆச்சு என்று பிரேஹா கூவினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை. மறுநாள் துணிப்பந்தலின் கீழ் நிறுத்தி, அடானேயோடு மறுபடி கல்யாணம் செய்துவைத்தார்கள். தெகிட்டு படம் எடுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அடானே பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நீயே ஊத்து."

இனானு அவனுக்கு ஊற்றினாள், மகளுக்கு ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"உனக்கும்மா?"

"எனக்கு வேண்டாம்" என்று மூடியைத் திருகினாள்.