சிரிப்புப் பக்கத்தில் வந்து விழுந்த செய்திகள்

எட்டாம் வகுப்பு என்னை இரண்டு முறை பார்த்துவிட்டுப் போதும் என்று அனுப்பிவிட்டது. அப்படிப்பட்ட நான் எழுத்தாளன் ஆனதற்கு ஷிப்ட் பஸ்தான் காரணம். மண்ணூரில் ஏறினால் ஒரகடம் கம்பெனி வாசல் வரை சும்மா உட்கார வேண்டும். செல்போனில் ஒரு வலைப்பூ ஆரம்பித்து, நான் வேலை பார்க்கும் அசெம்பிளி லைனில் நடக்கும் கூத்துகளை எழுதினேன். பெரும்பாலும் என்னையே கிண்டல் செய்துகொள்வேன். அடுத்தவனைச் செய்தால் அடி விழும். பஸ்ஸில் எல்லோரும் படித்தார்கள்.

அப்புறம் ஓ.டி., அதாவது ஓவர்டைம் வேலை, ஏறியது. பஸ்ஸில் வாயைப் பிளந்துகொண்டு தூங்க ஆரம்பித்தேன். வலைப்பக்கம் அப்படியே கிடந்தது. "போன மாச ஜோக் ஊசிப்போச்சு. எழுத முடியலன்னா ஃபீட் போடுங்க" என்று யாரோ கமெண்ட் போட்டார்கள். வேறு தளங்களில் செய்தி வந்தால், அதன் தலைப்பும் நாலு வரியும் தானாக நம் பக்கத்தில் வந்து விழும் ஏற்பாடு அது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று பெயர் வரும் செய்திகள் மட்டும் விழும்படி செய்தேன். நான் தூங்கினாலும் என் பக்கம் விழித்திருந்தது.

ஒரு கோளாறு. ஒவ்வொரு பதிவின் கீழும் 'சிரிச்சிட்டுப் போங்க' என்று தானாக வரும்படி முன்பே வைத்திருந்தேன். அதை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எடுக்கத் தெரியாது.

முதலில் லாரி கவிழ்ந்தது, மணிமங்கலம் கோயில் திருவிழா என்றுதான் வந்தது. பிறகு எங்கள் கம்பெனியின் பெயரே வர ஆரம்பித்தது. வெளிநாட்டு ஆர்டர் குறைகிறது. சிரிச்சிட்டுப் போங்க. புது மாடல் வேறு மாநிலத்துக்குப் போகலாம். சிரிச்சிட்டுப் போங்க.

எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தவன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். என் லைனில்தான் அவனுக்கும் வேலை. ஊரில் அவன் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. தண்டலம் பக்கம் ஒரு கியர் கம்பெனியில் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். வருகிறானா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். இங்கே பெர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், வரவில்லை என்று சொல்ல இருந்தான்.

"மச்சான், இத்தப் படிச்சியா?" என்று போனை நீட்டினேன்.

"படிச்சேம்ல. நல்லாத்தான் கப்சா விடுத."

"நான் எழுதலடா. அதுவா வந்து வுழுது."

"அதுவா விழ அது என்ன வேப்பம்பழமா? கேன்டீன் சாம்பார்ல போல்ட் கெடந்துச்சின்னு எழுதுனியே, அதுவும் அதுவாத்தான் விழுந்திச்சோ?"

"அது நான் போட்டது. இது வேற."

"சரி, சிரிச்சிட்டுப் போறேன். நீயும் போய்ப் படு."

உண்மையைச் சொல்லி நம்ப வைத்த பழக்கம் எனக்கு இல்லை.

அந்த வாரம் ஓ.டி. நின்றது. பக்கத்து லைனில் மெஷின்களை பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினார்கள். ஏன் என்று கேட்டால் மெயின்டனன்ஸ் என்றார்கள். மெயின்டனன்ஸ் ஆள் ஒருவனையும் அந்தப் பக்கம் காணோம். பஸ்ஸில் ஏறினால், "இன்னாபா, இன்னிக்கி எந்த கம்பெனிய மூடற?" என்று கலாய்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, ஷிப்ட் தொடங்குமுன் சூப்பர்வைசர் என்னை லாக்கர் ரூமுக்குத் தனியாக அழைத்தார்.

"இன்னா எழுதிக்கினு கீற? ஹெச்.ஆர்.ல கேக்கறாங்க. உள்ள இருந்து உனுக்கு எவன் சொல்றான்?"

"யாரும் சொல்லல சார். வேற எடத்துல வர்ற நியூஸு, தானா வந்து ஒட்டிக்குது சார்."

"ஆபீஸ் டிரைவரா? ஸ்டோர்ஸ்காரனா?"

"எனுக்கு எவன் சார் சொல்லுவான்? இங்கிலீஷ் லீவ் லெட்டரே வேற ஆள்கிட்டதான் எழுதி வாங்கறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் படிப்பு எனக்கு உதவிய ஒரே நாள் அது. "இப்பவே எடு" என்றார். அவர் கண் முன்னால் ஃபீடை எடுத்தேன். நெட் மெதுவாகச் சுற்றியது. முடிந்த பிறகும் அவர் போகவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த நியூஸ் வர்ற எடம் இருக்குல்ல, அந்த அட்ரஸ என் போனுக்கு அனுப்பு. வெளிய சொல்லிக்கினு திரியாத."

அனுப்பினேன். எங்களுக்கு வேலை சொல்கிற மனுஷனுக்கே ஒன்றும் தெரியவில்லை.

லைனுக்குப் போய், சூப்பர்வைசர் அட்ரஸ் கேட்டு வாங்கியதை மாடி அறைக்காரனிடம் சொன்னேன். கையில் ஸ்க்ரூ கன்னோடு திரும்பினான்.

"ஏலே, இதுவும் பதிவா?"

"அதத்தான் எடுக்கச் சொல்லிட்டாரே."

அவன் லைன் கடைசியைப் பார்த்தான். சூப்பர்வைசர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். லைனில் போன் எடுக்கக் கூடாது என்று எங்களைத் திட்டுகிறவர் அவர். தலையை நிமிர்த்தவே இல்லை. இவன் முன்னால் இருந்த பீஸ் ஸ்க்ரூ இல்லாமலே நகர்ந்து போனது.

சாப்பாட்டு நேரத்தில் தட்டைக்கூடத் தொடாமல் போனை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போனான். நானும் பின்னால் போனேன்.

"சார், நாளைக்குள்ள சொல்லச் சொன்னீயளே... ஆமா சார்... வாரேன் சார்."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அங்க இன்னொரு ஆள் வேணுமான்னு ஒனக்காகக் கேக்கட்டா?"

ஏதாவது ஜோக் அடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"கேளு மச்சான்" என்றேன்.

மறுபடியும் அழைத்தான். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.