வலையின் ஈயம் பெட்ரோலுக்கு

இன்றிரவு சம்பந்தி வீட்டாருக்கு மீன் விருந்து என்று ரிஸ்வான் வாக்குக் கொடுத்திருந்தான். அவன் நம்பியது படகின் பின்னால் மாட்டியிருக்கும், எங்கள் இருவரையும்விட வயதில் மூத்த மோட்டரை.

காலையில் நாவுலப் பக்கம் நீர்த்தேக்கக் கரையில் பெட்ரோல் கேனைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மச்சான், இது ஈயம் இல்லாத பெட்ரோலாம். பழைய மோட்டருக்குப் போட்டா இறுகிப்போயிடுமாம். வாட்ஸ்அப்ல வந்திருக்கு."

"ஈயம் போட்ட பெட்ரோலை இங்க நிப்பாட்டி இருபது வருசத்துக்கு மேலாச்சுடா. உன் மோட்டர் இவ்வளவு காலமா இதைத்தான் குடிக்குது. ஒயிலைச் சரியா கலந்தா போதும்."

"நீ சொல்லிட்டுப் போயிடுவ. மோட்டர் என்னோடது."

நான் ஒயில் கலந்து நிமிர்வதற்குள், வலையின் அடியில் கட்டியிருந்த ஈயக் குண்டுகளை எல்லாம் கழற்றிக் கேனுக்குள் போட்டிருந்தான்.

மோட்டர் ஒரே இழுப்பில் கிளம்பியது.

"பாத்தியா?" என்றான்.

நடுவில் போய் வலையை விரித்தோம். அது மூழ்க மறுத்து, மாலைவரை மேலேயே மிதந்தது.

மோட்டர் நலம். மீன்களும் நலம். சம்பந்தி வீட்டாருக்கு மீன் குழம்புக்குப் பதில் முட்டை ஆணம்.

நாளையும் போகிறோம். குண்டுகளைத் திரும்ப வலைக்கே தர ரிஸ்வானைச் சம்மதிக்கவைக்கும் வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதில் வந்தால்தான் நம்புவான்.