கத்தி யார் கையில்?

என் மனைவி தையல்காரி. அவளுக்கு வாய் நீளம் என்று என் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கும் பல நாள் அப்படித்தான் பட்டது.

அவள் தங்கையைப் பிரசவத்துக்குச் சேர்த்தபோது, "பெரிய டாக்டர் பார்த்துட்டாரு, பயப்படாதீங்க" என்றார்கள். நம்பிக் கையெழுத்துப் போட்டாள். குழந்தை தங்கவில்லை. பெரிய டாக்டர் அன்று விடுப்பில் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கண்டால் அவளுக்கு ஒரே கேள்விதான்: "நீங்க என்ன டாக்டர்?"

வீடு வீடாக ஃபிரிட்ஜ் தூக்கித் தூக்கி எனக்குக் குடலிறக்கம் வந்தது. ஆபரேஷன் அன்று காலை, சம்மதப் படிவத்தோடு ஒரு சின்னப் பெண் வந்தாள். நான் பேனாவை வாங்கிவிட்டேன். மனைவி வெடுக்கென்று பிடுங்கினாள்.

"நீங்க என்ன டாக்டரும்மா?"

"ஹவுஸ் சர்ஜன்."

"படிப்பு முடிச்சிட்டு ஒரு வருஷம் பயிற்சி. சரி, இவருக்குக் கத்தி வைக்கப்போறது யாரு?"

எனக்கு மானம் போனது. "விடு. இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான் தேதி," என்று கிசுகிசுத்தேன்.

"நீங்க சும்மா படுங்க."

அடுத்து ஒரு தாடிக்காரர் வந்தார். டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு அறுவை சிகிச்சையில் மேற்படிப்புப் படிப்பவர், பி.ஜி. என்பார்கள். "நான்தான் பண்ணுவேன்," என்றார்.

"இதுவரைக்கும் எத்தனை பண்ணியிருக்கீங்க?"

அவர் தாடியைத் தடவினார். "நாலு."

"உண்மையைச் சொன்னீங்களே, சந்தோஷம். உங்க சீஃபைக் கூப்பிடுங்க."

அந்தப் பிரிவுக்கே தலைமை டாக்டரான சீஃப் வந்தார். பாதி வார்டு வேடிக்கை பார்க்க எழுந்து உட்கார்ந்தது.

"ஏம்மா, இங்க எல்லாரும் டாக்டர்தான். நம்பிக்கை இல்லேன்னா வேற ஆஸ்பத்திரி பாருங்க."

"போக மாட்டேன். படிக்கிறவங்க கை வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. என் கடையிலயும் பழகுற பொண்ணுங்கதான் வெட்டுறாங்க. ஆனா துணியில கத்திரி படுறப்ப நான் பக்கத்துல நிப்பேன். துணி கெட்டா வேற வாங்கலாம். இவருக்கு மாத்து கிடையாது சார். நீங்க நிப்பீங்களா? நிப்பீங்கன்னா எழுதிக் குடுங்க."

சீஃப் முகம் சிவந்தது. ஆனாலும் கேஸ் ஷீட்டில் எழுதினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

தியேட்டரில் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியால் மறைப்பு. ஒன்றும் தெரியவில்லை, காது மட்டும் கேட்டது. ஆபீசில் மீட்டிங் ஆரம்பித்துவிட்டதென்று யாரோ சீஃபைக் கூப்பிட்டார்கள்.

"நீ ஆரம்பி, வந்துடறேன்," என்றார் சீஃப். செருப்புச் சத்தம் கதவுப் பக்கம் நகர்ந்தது. பி.ஜி. வாயைத் திறக்கவில்லை. அவருடைய பரீட்சையே சீஃப் கையில் இருக்கும்போது எப்படித் திறப்பார்?

நானும் யாரையும் எதிர்த்துப் பேசி அறியாதவன். முதலாளி நில் என்றால் நிற்பேன், போ என்றால் போவேன். ஆனால் இப்போது வாயை மூடிக்கொண்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

"சார்," என்றேன். "நிப்பேன்னு எழுதியிருக்கீங்க. நீங்க வராம கத்தி படக் கூடாது. படிவத்துல போட்டது என் கையெழுத்து. நான் சம்மதிக்கல."

செருப்பு நின்றது.

"நான் இல்லாம மீட்டிங்க நடத்திக்கச் சொல்லு," என்ற சீஃபின் குரல் என் பக்கத்தில் கேட்டது. "கையுறை குடும்மா."