சத்தம் போடும் கீபோர்டு

வெளிநாட்டுப் பெட்டியைப் பிரிக்கும்போது யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு உண்டு. அம்மா பெட்டிக்கு நேர் எதிரே. அக்கா கத்தரியோடு பக்கத்தில். அப்பா தனக்கு இதிலெல்லாம் அக்கறையே இல்லை என்பதுபோல வாசற்படியில் இருப்பார். கழுத்து மட்டும் உள்ளே நீண்டிருக்கும். நான் கிட்டத்தட்ட பெட்டிக்குள்ளேயே இருப்பேன். மாமா எங்களைச் சுற்றி நடந்துகொண்டே, "பைய, பைய, குப்பி உடஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இரண்டாயிரத்து ஒன்பதோ பத்தோ, சரியாக நினைவில்லை. வீட்டில் இளைய பெண் நான், எனக்குப் பதினொரு வயது. மாமா அம்மாவின் தம்பி. வளைகுடாவில், அரபியிலும் ஆங்கிலத்திலும் மனுக்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு கடையில் வேலை பார்த்தார். அந்த முறை பெட்டியில் சோப்பு, செண்ட், பால்பொடி எல்லாம் வழக்கத்தைவிடக் குறைவு. நடுவில், கம்பளிப் போர்வையில் சுற்றி, கனமாக ஒன்று இருந்தது. அது எனக்குத்தான் என்று நானே முடிவு செய்து போர்வையை உருவினேன்.

உள்ளே ஒரு பழைய கீபோர்டு. வெளுத்த சாம்பல் நிறம். தூக்கினால் செங்கல் கனம். பாதிப் பொத்தான்களில் எழுத்தே இல்லை, தேய்ந்து வழவழவென்று கிடந்தன. மிச்சமிருந்தவற்றில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் அரபி எழுத்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கம்பெனியில குடுத்தாவ," என்றார் மாமா. "நல்ல சாதனமாக்கும். ஒவ்வொரு பொத்தானுக்க அடியிலயும் தனித்தனி ஸ்பிரிங்கு." அதைத் தரையில் வைத்து, பத்து விரலாலும் அடித்துக் காட்டினார். எழுந்த சத்தத்தில் அடுக்களையில் நின்ற கோழி வெளியே ஓடியது.

"இது என்னலே, தையல் மெஷினா?" என்றாள் அம்மா.

மாமா அதை அக்காவுக்காகத்தான் எடுத்தார். அக்கா கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓடும் மென்பொருள் எழுத ஆள் எடுத்தது. தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. ஒரு பக்கம் தமிழ் அடிக்க வேண்டும், ஒரு பக்கம் ஆங்கிலம் அடிக்க வேண்டும், பிறகு அங்கேயே உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுத வேண்டும். எங்கள் கடற்கரையில் மீன் விற்கும் வீட்டிலிருந்து அப்படியொரு வேலைக்கு யாரும் போனதில்லை. அக்கா சாப்பாட்டுத் தட்டில்கூட விரலால் அடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரின் கீபோர்டில் உப்புக்காற்று ஏறி, பாதிப் பொத்தான்கள் உள்ளே போனால் வெளியே வருவதில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ஜன்னல் கம்பியே பொரிந்து உதிரும்போது கீபோர்டு எம்மாத்திரம்.

புதிது ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்று நான் கட்சி கட்டினேன். அக்காவும் என் பக்கம். எழுத்தில்லாத பழைய பலகையை நம்பி யார் பரீட்சைக்குத் தயாராவார்கள்? மறுநாள் அப்பா தவிர எல்லோரும் வடசேரியில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் நான் ஜன்னலோரத்தில் உட்காரவேயில்லை, அவ்வளவு பரபரப்பு.

அம்மாவுக்கு வாங்குவது என்றால் ஒரே முறைதான் தெரியும். கடைக்காரர் எடுத்து வைத்த ஒவ்வொரு கீபோர்டையும் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். செவுளைத் தூக்கிப் பார்க்காததுதான் குறை. மாமாவோ கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் சரசரவென்று அடித்தார். கடைக்காரர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"சேத்துல கை வச்ச மாதிரி இருக்கு," என்றார் மாமா. "அடிச்சனா இல்லையாண்ணு கண்ணு பாக்கப்பிடாது மக்கா. விரலு சொல்லணும்."

எனக்கு விரல் சொல்வதெல்லாம் தேவைப்படவில்லை. மேல் வரிசையில் வெள்ளி நிறத்தில் ஒன்று இருந்தது. மெலிதாக, ஓரத்தில் சத்தம் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தோடு. ஒரு பொத்தானை அமுக்கினால் கால்குலேட்டர் திறக்குமாம். கூடவே தமிழ் எழுத்து ஒட்டுத்தாளும் தந்தார்கள். நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அக்கா மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "இதே இருக்கட்டு மாமா" என்றாள். மாமா பர்ஸை எடுத்தார். அம்மா மட்டும் பாதி விலையில் ஆரம்பித்து, கடைக்காரரைத் தலையில் கை வைக்க வைத்தாள்.

வெள்ளி கீபோர்டு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வரை வாழ்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அப்பா மாதா கோவிலில் முதல் பூசைக்குப் போய்வந்துவிடுவார். நாங்கள் இரண்டாம் பூசைக்குப் போவோம். இடைப்பட்ட நேரத்தில் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. கடலுக்குப் போய்வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைக்காவிட்டால் உப்பு தின்றுவிடும். அது அவருடைய வேதம். பூசை முடிந்து நாங்கள் திரும்பியபோது, முற்றத்தில் தார்ப்பாயில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. நெத்திலிக்குப் பக்கத்தில் வெள்ளி கீபோர்டும் மாமாவின் கீபோர்டும் காய்ந்துகொண்டிருந்தன.

"உப்பு பிடிச்சிருக்குண்ணு நீதானே பிள்ள கெடந்து பொலம்பின?" என்றார் அப்பா, பாராட்டை எதிர்பார்த்த முகத்தோடு. "ரெண்டையும் நல்ல வெள்ளத்துல முக்கி எடுத்து வச்சிருக்கேன். இனி ஒண்ணும் ஆவாது."

அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வரும் சனிக்கிழமை தேர்வு. அம்மா அப்பாவைத் திட்டியது மூன்றாவது வீடு வரை கேட்டது. அப்பா உண்மையாகவே குழம்பிப்போய், "நாற்பது குதிரைசக்தி எஞ்சினுக்கே ஒண்ணும் ஆவல்ல, இந்தச் சவத்துக்கு என்ன?" என்று கேட்டார். மாமா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

காய்ந்த பிறகு வெள்ளியை மாட்டிப் பார்த்தோம். ஒரு எழுத்தை அடித்தால் ஏழெட்டு எழுத்துகள் வரிசையாக ஓடின, நிற்கவேயில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய தாள்களுக்கு இடையே தண்ணீர் புகுந்துவிட்டால் அவ்வளவுதான் என்றார் மாமா. பிறகு, அந்தத் தாள்கள் இல்லாத தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டார். மீன்பிடிக்கும் நைலான் இழையை நாங்கள் தங்கூசி என்போம். அதில் ஒரு சுருக்குப் போட்டு, பொத்தானுக்கு அடியில் கொடுத்து இழுத்தார். டக்கென்று கழன்று வந்தது. எனக்கு உயிரே வந்துவிட்டது. அடுத்ததை நான் இழுத்தேன். அதற்கடுத்ததையும் நானே. அம்மா மீன் சுமக்கும் அலுமினியச் சருவத்தில் சோப்புத்தண்ணீர் ஊற்றி எல்லாவற்றையும் கழுவினோம். நுரைக்குள் கையை விட்டுத் துழாவினால் பொத்தான்கள் சிப்பி மாதிரி அகப்படும். அக்காகூடச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

திரும்ப மாட்டும்போதுதான் திகைத்தோம். எழுத்தில்லாத பொத்தான்களில் எது எந்த இடம்? மாமா ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, தேய்ந்திருந்த பக்கத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். தடவியபடியே இடத்தில் வைத்தார். கம்ப்யூட்டரில் மாட்டி அடித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. அது ஏதோ மந்திர வித்தை என்று நினைத்தேன். எப்படி என்று கேட்டதற்கு, "எல்லாம் எனக்க விரலு தேச்ச குழிதானே" என்றார்.

நான் வெள்ளியோடு வந்த ஒட்டுத்தாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். மாமா தடுத்துவிட்டார். "வேண்டாம் பிள்ள. தமிழ ஒட்டினா இங்கிலீஷு அடிக்கும்போ கண்ணு தடுமாறும். ரெண்டும் இல்லாட்டி ரெண்டும் நமக்குத்தான்."

முதல் நாள் அக்கா தடுமாறினாள். அடுத்த நாள் மாமா கம்ப்யூட்டர் மேசையைத் திருப்பிப் போட்டு, அவளைக் கடலைப் பார்த்து உட்காரச் சொன்னார். பிறகு வேகம் பிடித்தது பாருங்கள்! வீடு முழுக்கக் கடகடவென்று சத்தம். அம்மா மீன் கழுவிக்கொண்டே, "ஏட்டி, என்ன நிறுத்திப் போட்ட?" என்று உள்ளே பார்த்துக் கத்துவாள். சத்தம் நின்றால் அவளுக்குப் பொறுக்காது.

சொந்தக் கீபோர்டு கொண்டுவரலாமா என்று கம்பெனிக்குப் போன் செய்து கேட்கச் சொன்னதும் மாமாதான். கொண்டு வாருங்கள் என்றுவிட்டார்கள். சனிக்கிழமை, துவர்த்துத் துண்டில் சுற்றி ஒயர்கூடையில் வைத்து, மாமா, அக்கா, நான் மூவரும் பஸ் ஏறினோம். களியக்காவிளை தாண்டியதும் கடைப்பலகைகளில் மலையாளம் வந்தது. அக்கா கூடையை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

தேர்வு அறைக்குக் கண்ணாடிக் கதவு. நானும் மாமாவும் வெளியே பெஞ்சில். அறையில் ஏகப்பட்ட பேர் இருந்தார்கள். ஆனால் கதவைத் தாண்டி வந்த சத்தம் ஒன்றே ஒன்றுதான். உள்ளே தலைகள் திரும்புவது தெரிந்தது. எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய பத்து விரலும் முழங்கால்மேல் அசைந்தன.

"தமிழு," என்றார் மெதுவாக. கொஞ்சம் கழித்து, "இப்ப இங்கிலீஷு. கொள்ளாம், கொள்ளாம்." பிறகு சத்தம் நின்றது.

நின்றது நின்றதுதான். மாமாவின் பக்கம் திரும்பினேன். "என்னாச்சு மாமா?"

"புரோகிராமு. யோசிக்கா. யோசிக்கட்டு." ஆனால் மாமாவின் விரல்களும் முழங்காலில் அப்படியே நின்றுவிட்டிருந்தன. நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாதாவே, ஒரு எழுத்தாவது அடிக்க வை என்று வேண்டிக்கொண்டேன். ஒரு சின்னத் தட்டல் கேட்டது. இன்னொன்று. அப்புறம் ஒரேயடியாக மழை பெய்தது. மாமா என் கையைப் பிடித்து அமுக்கிய அமுக்கில் வலித்தது.

அன்று சாயங்காலமே தேர்வானவர்களின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அக்கா அந்த ஒயர்கூடையோடு படியிறங்கி ஓடிவந்தாள். மாமா பஸ் முழுவதற்கும் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்காத குறை. வீட்டில் அப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "நான் கழுவிக் குடுத்ததாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா வேலைக்குக் கிளம்பிய காலையில், கீபோர்டைப் போர்வையில் சுற்றி மாமாவிடம் திருப்பிக் கொடுத்தாள். மாமா அதை அவளுடைய பையிலேயே வைத்தார். "எனக்கு இனி எதுக்கு மக்கா? நீ கொண்டு போ."

அக்கா அழுதாள். வேலை கிடைத்தவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. வளைகுடாவில் மாமா வேலை பார்த்த கடையை ஏற்கனவே மூடிவிட்டிருந்தார்கள். அவரவர் மேசையிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, இத்தனை வருடம் அடித்த கீபோர்டை மட்டும் அவர் எடுத்து வந்திருந்தார். இனி அவர் திரும்பிப் போகப் போவதில்லை. இதெல்லாம் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. சின்னப் பிள்ளையிடம் யார் சொல்வார்கள்?

நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, அடுத்த தடவ லீவுல வரும்போ எனக்கும் ஒண்ணு கொண்டு வருவியளா?"

அம்மா என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். மாமா அவள் கையைத் தட்டிவிட்டார். "அவள எதுக்கு அடிக்கிய?" என்னருகில் குனிந்தார். "கொண்டு வாறேன் மக்கா. என்ன கலர் வேணும்?"

"வெள்ளி," என்றேன். "ஆனா சத்தம் இதே மாதிரி இருக்கணும்."

"சரி," என்றார் மாமா. அதைப் பக்கத்து வீட்டில் சொல்ல நான் ஒரே ஓட்டமாக ஓடினேன்.