நர்சம்மாவின் சீப்பு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பக்கத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த என் மனைவி, சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

“என்னங்க... பொம்மைக்காகவா அழறீங்க?”

அழவில்லை. கண்ணில் தூசி. நாற்பத்தெட்டு வயசு, கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். இப்படிப்பட்ட ஆள் வீடியோ கேம் விளையாடி அழுதான் என்று ஓசூர் சிப்காட்டில் தெரிந்தால் மரியாதை என்ன ஆவது? இப்போது தெரிந்துவிட்டது. எங்கள் கேன்டீனில் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் உயிரை விட்டு விளையாடிய ஒரு பழைய கேமை, புதுசாகப் பெயின்ட் அடித்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். வாள், மந்திரம், டிராகன் எல்லாம் உண்டு. ஆனால் சண்டை முறை வைத்துத்தான். நாம் ஒரு அடி அடித்தால், அரக்கன் அமைதியாக நின்று வாங்கிக்கொண்டு, தன் முறை வந்த பிறகுதான் திருப்பி அடிப்பான். அத்திப்பள்ளி செக்போஸ்டில் கார் ஓட்டுகிறவர்களிடம் இல்லாத நாகரிகம்!

அப்போது நானும் நாகராஜும் ஒரே ரூம். கெலமங்கலத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கோபம் வந்தால் சுத்தத் தமிழ். நான் குவாலிட்டியில் டிரெய்னி, அவன் மிஷின் ஆபரேட்டர். எனக்குக் காலை ஏ ஷிஃப்ட் என்றால் அவனுக்கு மத்தியான பி ஷிஃப்ட். கேமும் அப்படித்தான் — காலையில் அவன் ஆடுவான், சாயங்காலம் நான் ஆடுவேன். கம்பெனியில் ஷிஃப்ட் மாறும்போது எழுதுகிற மாதிரி ஒரு நோட்டு வேறு. “குகை முடிஞ்சுது. மருந்து மூணு இருக்கு. பெரிய பாம்புகிட்ட போகாதே.”

ஒரே ஒரு சிக்கல். பெங்களூரில் மலிவாகக் கிடைத்த அந்த டிஸ்க் முழுக்க ஜப்பான் மொழி.

அதற்கெல்லாம் ஓசூர்க்காரன் அசருவானா? நாலு பாஷை அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு ஐந்தாவது பாஷை தானாகப் புரியும் என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. கதையை நாங்களே ஊகித்துக்கொண்டோம். காயத்துக்கு மருந்து போடுகிற பெண்ணுக்கு ‘நர்சம்மா’ என்று பெயர் வைத்தோம். அவள் இல்லாமல் ஒரு சண்டையும் ஜெயிக்க முடியாது.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து நோட்டைத் திறக்கிறேன். நாகராஜின் கையெழுத்து: “பாலத்துல நர்சம்மா ஏதோ கேட்டுச்சு. ரெண்டு பதில் வந்துச்சு. மேல இருந்ததை அமுக்கினேன். போயிடுச்சு. திரும்ப வரலை. மன்னிச்சுக்கோடா.”

பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லாமல் சேவ் வேறு செய்து தொலைத்திருந்தான்.

அதற்குக் கீழே சிவப்பு மையில் நான் எழுதினேன் — “ஆபரேட்டர் கவனக்குறைவு.”

எங்கள் தொழிலில் எந்தக் கோளாறு வந்தாலும் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்தாவது ‘ஏன்’னில் உண்மை மாட்டும் என்பார்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன்... இரண்டாவது ‘ஏன்’னிலேயே ஆபரேட்டர் மாட்டிவிடுவான். நாங்கள் டீ குடிக்கப் போய்விடுவோம்.

அந்தக் கதையை நான் சொல்லாத இடமில்லை. அவன் கல்யாணத்தில் சொன்னேன். உத்தனப்பள்ளியில் அவன் மாமனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், “உங்க மாப்பிள்ளை படிக்காம பட்டனை அமுக்கிற ஆளு” என்று பந்தியில் சொன்னேன். அவனும் சிரித்துக்கொண்டே சாம்பார் ஊற்றினான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் லைன் லீடர் பதவிக்கு அவன் பெயர் வந்தது. மீட்டிங்கில் என்னைக் கேட்டார்கள். “நல்லவன் சார். ஆனா படிக்காம பட்டனை அமுக்கிடுவான்” என்றேன். பழக்கதோஷம்! எல்லோரும் சிரித்தார்கள். பதவி வேறொருவருக்குப் போனது. அதற்கும் என் ஜோக்குக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். புது கேம் முழுக்க இங்கிலீஷ். அதே பாலம். நர்சம்மா நின்று கேட்கிறாள்: “அன்று நான் கொடுத்தது உன்னிடம் இருக்கிறதா?” மேலே, ‘இருக்கிறது’. கீழே, ‘இல்லை’. இருக்கிறது என்றேன். என் பையைத் திறந்து பார்த்தாள். பனிக்குள் நடந்து போய்விட்டாள். பழைய சேவுக்குத் திரும்பி ‘இல்லை’ என்று அமுக்கினேன். அப்போதும் போனாள்.

அவள் கொடுத்தது என்ன? ஒரு மரச் சீப்பு. ஆரம்பத்திலேயே கொடுக்கிறாள். அது பையில் இருந்தால் கடைசிவரை கூடவே வருவாள் என்று நெட்டில் போட்டிருந்தது.

சீப்பு எங்கே போனது? நான்தான் தூக்கிப்போட்டேன். பையில் இடமில்லை, அந்தச் சீப்பால் யாரையும் அடிக்கவும் முடியாது. “நிச்சயமாக எறியலாமா?” என்று கேம் இங்கிலீஷில் தெளிவாகக் கேட்டது. படிக்காமல் பட்டனை அமுக்கினேன்.

அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பையைச் சுத்தம் செய்கிற டிபார்ட்மென்ட் யாருடையது? என்னுடையது. கம்பெனியில் அப்போதுதான் ‘ஃபைவ் எஸ்’ பயிற்சி முடித்திருந்தேன். தேவையில்லாததை ஒதுக்கு, தூக்கிப் போடு என்று ஜப்பான்காரன் வகுத்த முறை. அந்தச் சூட்டோடு, ஜப்பான்காரி ஆசையாகக் கொடுத்த சீப்பை முதல் வாரமே எறிந்திருந்தேன். நாகராஜ் எந்தப் பட்டனை அமுக்கியிருந்தாலும் அவள் போயிருப்பாள்.

திங்கட்கிழமை பி ஷிஃப்டுக்கு வந்த நாகராஜைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பிடித்தேன். சீப்புக் கதையைச் சொன்னேன். டீ புரை ஏற ஏறச் சிரித்தான்.

“ஏம்ரா, அப்போ கொலைகாரன் நீயா! என் மாமனாருக்கு இப்பவே போன் போடுறேன் இரு. இன்னிக்கும் என்னைப் பார்த்தா அதைத்தான் கேக்குறாரு மனுஷன்.”

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. மீட்டிங்கில் சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

சிரிப்பு நின்றது. “லைன் லீடர் மீட்டிங்லயா?”

“ஆமாடா. விளையாட்டாத்தான் சொன்னேன்.”

“எனக்கு இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதத் தெரியாது, அதனாலதான் கிடைக்கலன்னு நெனச்சேன்.” கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அதுக்காக ஆறு மாசம் டியூஷன் போனேன்.”

“நாளைக்கே ஜி.எம்.கிட்ட போய், தப்பு என்னோடதுன்னு சொல்றேன்டா” என்றேன்.

கிளாஸை வைத்துவிட்டு ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

“சொல்லுங்க சார். எனக்கு ஷிஃப்டுக்கு டைமாச்சு.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் என்னை ‘சார்’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.