இட்லி வண்டிக்கு ஒரு ஸ்டென்சில்

அம்பத்தூர் எஸ்டேட்டில் தான் வேலை பார்த்த கம்பெனியை விட்டுவிட்டு, அதே கம்பெனி வாசலில் இட்லி வண்டி போடுவதென்று அண்ணன் முடிவெடுத்தான். திங்கட்கிழமை காலை திறப்பு. வண்டியின் பக்கவாட்டில் ‘சூடான இட்லி’ என்று இருக்க வேண்டும். ஸ்டிக்கர் கடைக்குக் கிளம்பியவனை நான்தான் தடுத்தேன். வேலப்பன்சாவடியில் என் காலேஜில் யாருக்கு செமினார் என்றாலும் பிபிடி போட்டுக் கொடுப்பவள் நான். எழுத்தை ஓட்டையாக வெட்டி மேலே பெயின்ட் அடிக்கிற ஒரு ஸ்டென்சில் எனக்கு வராதா?

பிபிடி ஸ்லைடு போடும் அந்த சாஃப்ட்வேரில் வடிவங்களை ஒட்டவும் வெட்டவும் ஒரு மெனு உண்டு. அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எதைப் பார்த்தாலும் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வகம் போட்டு, அதன்மேல் எழுத்தை வைத்தேன். முதலில் செவ்வகம், பிறகு எழுத்து என்று இரண்டையும் தேர்ந்தெடுத்து ‘சப்ட்ராக்ட்’ கொடுத்தேன். முதலில் தொட்டது மிஞ்சும். அடுத்துத் தொட்டது ஓட்டையாகிவிடும். எழுத்தெல்லாம் அழகாக ஓட்டையானது. பிரிண்ட் எடுத்து, அப்பாவின் பழைய முழங்கால் எக்ஸ்ரே மேல் ஒட்டி, பிளேடால் வெட்டினேன். கீழே உதிர்ந்த துண்டுகளைப் பெருக்கிக் குப்பையில் போட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வந்த அண்ணன், பழைய பேப்பரில் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தான்.

"இன்னாடி இது, எழுத்தெல்லாம் கொழுக்கட்ட மாதிரி கீது?"

இ, ன, லி என்று சுழியுள்ள எழுத்தெல்லாம் அடைத்துப்போயிருந்தன. திரையில் சுழியின் நடுப்பகுதி எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நிற்கும். எக்ஸ்ரேயில் அது நிற்காது. நான் பெருக்கித் தள்ளியதில் பாதி அதுதான்.

"சுழி வுழுந்துடுச்சிண்ணா."

"வுழுந்தா எடுத்து ஒட்டு."

"எதுலண்ணா ஒட்றது, காத்துலயா?"

அவன் சிரிக்கவில்லை. "எழுத்து இல்லாம வெறும் வண்டியத் தள்ளிக்கினு போய் நின்னா, கூட வேல செஞ்சவனுங்க இன்னா நெனைப்பானுங்க? வேல போச்சு, தெருவுக்கு வந்துட்டான்னு தானே?"

ஞாயிற்றுக்கிழமை, ஸ்டிக்கர் கடையும் மூடியிருந்தது. மறுபடி லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு சுழியின் நடுவிலிருந்தும் எழுத்துக்கு வெளியே உள்ள செவ்வகம் வரை ஒரு மெல்லிய பட்டை வரைந்து, எல்லாவற்றையும் ‘யூனியன்’ கொடுத்து ஒன்றாக்கினேன். இப்போது சுழிகள் செவ்வகத்தோடு பிடித்துக்கொண்டன. வீட்டில் மிச்சமிருந்த ஒரே எக்ஸ்ரேயை அம்மா பீரோவுக்கு மேலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இந்த முறை ஒவ்வொரு துண்டும் விழும்போது கூடவே எழுத்தையும் பார்த்தேன். எந்தச் சுழியும் விழவில்லை.

ஸ்டென்சிலை வண்டியில் வைத்துச் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். பட்டை இருந்த இடங்களில் எழுத்து கீறினாற்போல் கொஞ்சம் விட்டுவிட்டு இருந்தது. பிரஷ்ஷால் அடைத்துவிடலாமா என்று கேட்டேன்.

"இரு," என்று சொல்லிவிட்டு அண்ணன் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தான். பைக்கில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, வண்டியைப் பார்த்து, "இட்லி கீதா?" என்று கேட்டார்.

"நாளைக்கு, எஸ்டேட்டாண்ட வாங்கண்ணா," என்றான் அண்ணன். திரும்பி வந்து, "அடைக்காத, காயட்டும்" என்று சொல்லிவிட்டு அரிசி ஊறவைக்க உள்ளே போனான்.