தேனியில் எல்லாம் மலிவு

மலிவான எதைக் கண்டாலும் என் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். கடைக்காரர் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டால், அடியில் அழுகல் இருக்கும் என்று கிளறிப் பார்ப்பாள். பாதி நேரம் இருக்கவும் செய்யும். அப்படிப்பட்டவளை, நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், என் அத்தை நாலைந்து நாள் மலிவிலேயே திணறடித்தாள்.

அப்போது நாங்கள் மேகமலையில் இருந்தோம். அப்பா தேயிலை எஸ்டேட்டில் லாரி ஓட்டினார். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது. விறகும் தண்ணீரும் காசில்லாமல் கிடைத்தன. ஆனால் எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. நானும் அம்மாவும் கீழே இறங்கிக் குடியிருப்பது, அப்பா சனிக்கிழமை சனிக்கிழமை வந்து போவது என்று முடிவானது. ஒரு சம்பளத்தில் இரண்டு அடுப்பு எரிய வேண்டும். எந்த ஊரில் எரிந்தால் தாங்கும் என்பதுதான் கேள்வி.

அம்மா ராயப்பன்பட்டியை மனதில் வைத்திருந்தாள். அங்கே பள்ளிக்கூடம் இருந்தது. எஸ்டேட்டில் இருந்து இறங்கிய ஒன்றிரண்டு குடும்பங்களும் இருந்தன. அப்பாவின் அக்காவோ தேனியில் சொந்த வீட்டில் இருந்தாள். பிள்ளைகள் இல்லை. மாமாவுக்கு ஏலக்காய் வியாபாரம். எஸ்டேட் ஆபீசுக்கு அத்தையிடமிருந்து போன் மேல் போன் வந்தது.

"தேனிக்கு வாங்கடா. இங்கன எல்லாம் மலிவு. நம்பலன்னா ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கச் சொல்லு அவள."

அப்பா வந்து சொன்னதும் அம்மா, "உங்க அக்கா சும்மா கூப்பிட மாட்டாகளே" என்றாள். இருந்தாலும் ஒரு வயர் கூடையில் துணிகளை அடுக்கிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

முதல் நாள் காலையில் அத்தை எங்களைத் தெருமுனைக் காய்கறிக் கடைக்குக் கூட்டிப்போனாள். கத்திரிக்காய் கிலோ எட்டு ரூபாய் என்றார் கடைக்காரர். அம்மா ஒரு கிலோ வாங்கிவந்து, ஒவ்வொன்றாகப் பிளந்து புழு தேடினாள். ஒன்றில்கூட இல்லை. அவள் முகம் இன்னும் இறுகியது.

இரண்டாம் நாள் வீடு பார்க்கப் போனோம். பக்கத்துத் தெருவில் ஒரு மாடி போர்ஷன். இரண்டு அறை, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். வீட்டுக்காரர் வாடகை ஆயிரம் என்றார்.

"அட்வான்ஸு?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் எதுக்கும்மா, நம்ம ஆளுக."

"தண்ணி?"

"தெனமும் வரும்."

இத்தனையையும் அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கும் பிள்ளை டீச்சரைப் பார்ப்பது போல அத்தையைப் பார்த்தே சொன்னார்.

அன்று மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அம்மா என்னிடம் கிசுகிசுத்தாள். "ஊருக்கு ஒரு வெல, நமக்கு ஒரு வெலயா? ஏதோ இருக்குடி." என்ன இருக்கும் என்று நாள்தோறும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அத்தைக்கு முழங்கால் வலி, சமைத்துப் போட ஆள் வேண்டும். அது இல்லையென்றால், அப்பாவின் பி.எஃப். பணத்தில் மாமாவுக்குக் கண். மாமாவைக் கேட்கலாம் என்றால் அவர் வீட்டிலேயே இல்லை. "ஏலத்துக்குப் போயிருக்காக, நாளைக்கு வந்துருவாக" என்று தினமும் அத்தை சொன்னாள். அவருடைய இஸ்திரி போட்ட சட்டைகள் கொடியில் வரிசையாகத் தொங்கின.

அம்மாவின் சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அத்தை எங்கே போனாலும் நான் பின்னாலேயே போனேன். நான்காம் நாள் அது பலித்தது. அத்தை காய்கறிக் கடைக்காரரின் கையில் ஒரு ஐம்பது ரூபாய் நோட்டைத் திணித்தாள். "அவ வந்தா அதே வெல சொல்லு, மிச்சம் என் பொறுப்பு" என்று சொன்னதையும் கேட்டுவிட்டேன். ஓடிவந்து அம்மாவின் காதில் போட்டேன். அம்மா என் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். அவளிடம் அப்படியொரு பாராட்டை நான் அதுவரை வாங்கியதில்லை.

மறுநாள் கடைக்காரரின் மனைவி கல்லாவில் இருந்த நேரம் பார்த்து அம்மா என்னை மட்டும் அனுப்பினாள். "யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டா வாயத் தெறக்காத." அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. கத்திரிக்காய் கிலோ இருபது என்றாள். பிறகு நானும் அம்மாவும் மாடி போர்ஷன் பக்கம் போனோம். கீழ் வீட்டில் குடியிருந்த பெண் அம்மாவின் கேள்விக்குச் சிரித்தாள். "ஆயிரமா? யாரு சொன்னாக? ரெண்டாயிரத்து ஐநூறு குடுக்கோம். தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா. நடுவுல கொடம் கணக்குல வாங்கணும்."

நேராக வீட்டுக்கு வந்தோம். அத்தை அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"மதினி, கத்திரிக்கா இருபது ரூவா."

அத்தையின் கை நின்றது. பிறகு மறுபடி உரிக்கத் தொடங்கியது. "ஆமா."

"வாடகையிலயும் மிச்சத்த நீங்கதான் குடுக்கறதா இருந்தீகளா?"

"மாசாமாசம் குடுக்கறதாச் சொல்லியிருந்தேன்."

"எதுக்கு மதினி?"

அத்தை என்னைப் பார்த்தாள். உடனே அம்மா, "மாடியில வத்தல் காயுதான்னு பாத்துட்டு வா" என்றாள். கண்டுபிடித்தவளை வெளியே அனுப்பிவிட்டு விசாரணையா? நான் நாலு படி ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். உள்ளேயிருந்து அத்தையின் கிசுகிசுப்பு மட்டும் வந்தது, வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. பிறகு அம்மாவின் குரல் தாழ்ந்து வந்தது. "எத்தன நாளா?"

"ரெண்டு வருசமாச்சு."

இரண்டு வருடமாகவா அத்தை காய்கறிக் கடைக்காரருக்குப் பணம் கொடுத்து வருகிறாள்?

நான் இறங்கிப் போனபோது பூண்டு முழுவதும் உரித்தாகியிருந்தது. பாதியை அம்மா உரித்திருந்தாள். இனிப் பெரிய சண்டை, உடனே கிளம்பல் என்று எதிர்பார்த்தேன். நடக்கவில்லை. சொன்னதற்கு மேல் இரண்டு நாள் தங்கினோம். அம்மா அத்தையின் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊத வேண்டியிருந்தது.

அப்பா சின்னமனூரில் லாரியோடு காத்திருந்தார். முன் சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்ததும் கேட்டார். "என்ன, அக்கா சொன்னது சரிதானா?"

"சரிதான். எல்லாமே மலிவாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தொடையில் அழுத்தமாக விழுந்தது.

"மச்சான் எப்படி இருக்காரு?"

"அண்ணன் நல்லாருக்காக. நல்லாக் கவனிச்சுக்கிட்டாக. அங்கன வெயிலுதான் புள்ளைக்கு ஒத்துக்கல. ராயப்பன்பட்டியே போதும்."

மாமாவை நாங்கள் கண்ணாலேயே பார்க்கவில்லை! மலை ஏறும்வரை நான் யோசித்தேன். ஒன்றுதான் தோன்றியது. அம்மாவை அத்தை விலைக்கு வாங்கிவிட்டாள். அம்மா குளிக்கப் போன நேரத்தில் வயர் கூடையைக் கொட்டித் தேடினேன். ஒரு சீப்பு வாழைப்பழமும் எனக்கு அத்தை எடுத்திருந்த பாவாடைத் துணியும்தான் இருந்தன. நகை எதையும் காணோம். வேறு எங்கோ ஒளித்திருக்கிறாள் என்று நினைத்துப் பல நாள் அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

ராயப்பன்பட்டியில் வீடு பார்த்தபோது சந்தேகம் அதிகமாயிற்று. எங்கள் இருவருக்கு ஓர் அறை போதும். பைசா பைசாவாகப் பார்க்கும் அம்மா, கூடுதல் வாடகை கொடுத்து இரண்டு அறை உள்ள வீட்டைப் பிடித்தாள். "எதுக்கு இம்புட்டு எடம்?" என்று அப்பா முணுமுணுத்தார். "இருக்கட்டும்" என்றாள்.

பொங்கல் கழிந்து அத்தை இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். திரும்பிப் போகவில்லை. மாமாவுக்குக் கேரளாவில் கட்டப்பனைப் பக்கம் இன்னொரு குடும்பம் இருந்ததும், கைக்குழந்தை ஒன்று இருந்ததும், தம்பி பக்கத்தில் குடியிருந்தால் அந்த மனுசன் வீட்டுக்கு வந்துபோவார் என்று அத்தை நம்பியதும் எனக்குத் தெரியவர மேலும் எட்டு வருடங்கள் ஆயின. அப்பாவுக்குத் தெரிந்தால் லாரியைக் குமுளி வழியாக அங்கேயே ஓட்டிப்போய், வெட்டுக் குத்தில் கொண்டுபோய் விடுவார் என்று அம்மா பயந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

அத்தை வந்த வாரம் எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று விசாரித்தாள். "தேனியில சொந்த வீடு இருக்கயில இவுக எதுக்கு இங்கன வந்துருக்காக?"

எனக்குத்தான் பதில் தெரியுமே. "தேனியில வெலவாசி சாஸ்தி. இங்கனதான் மலிவு. அதான் வந்துட்டாக" என்றேன்.

அம்மா என்னை அடக்கவில்லை. அத்தை என் தலையில் கை வைத்து, "ஆமா மருமகளே, அங்கன கட்டுபடியாகல" என்றாள். கடைசியில் என் கட்சிதான் ஜெயித்தது என்று எனக்கு ஒரே பெருமை. கத்திரிக்காய் இருபது ரூபாய் விற்றால் யாருக்குத்தான் கட்டுபடியாகும்?